முதியோர் காப்பகக் கட்டணம் யார் பொறுப்பு? – ஒரு வரலாற்றுப் பார்வை

நம் தீவுகளில் வாழும் தமிழர் பலருக்குப் பெற்றோரோ வீட்டுப் பெரியவர்களோ மெயின்லேண்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று முதியோர் காப்பகங்களில் இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் அதற்குப் பணம் அனுப்புகிறோம். ஆனால் யாராவது விசாரித்தால், "அம்மா அக்கா வீட்டுல இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறோம். கடைப் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுகிற நாம் இந்த ஒரு செலவை மட்டும் பேசுவதில்லை. பேசாத கணக்கில்தான் சண்டை அதிகம் வரும் என்பது நாற்பது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன் அறிந்த விஷயம்.

இந்த மௌனத்துக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான். "காசு கொடுத்துப் பெரியவங்களைப் பார்த்துக்கச் சொல்றது நம்ம மரபுல கிடையாது. அது வெள்ளைக்காரன் பழக்கம்" என்பார்கள். இக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அடியேன் கல்லூரியில் வரலாறு படித்தவன் அல்லன். கடை சாத்திய பிறகு கல்வெட்டுத் தொகுதிகளையும் சட்டப் புத்தகங்களையும் புரட்டிப் பழகியவன். எனவே ஒரு வியாபாரியின் கண்ணோடு, அதாவது யார் கொடுத்தார், யார் வாங்கினார், எதற்காக, எழுத்தில் உண்டா என்ற நான்கு கேள்விகளோடு இப்பொருளை அணுகுகிறேன்.

தஞ்சைக் கல்வெட்டு சொல்லும் விதி

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1014இல், வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவரவர் முன்பிருந்த ஊரையும், இப்போது இருக்கும் வீட்டையும் அது வரிசையாகச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இதுவரை பலரும் அறிந்ததே. இதற்குப் பின் வரும் விதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பங்கு பெற்ற ஒருவர் இறந்துபோனாலோ வேறு தேசம் போய்விட்டாலோ என்ன செய்வது? அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த உறவினருக்கு வேலை செய்யும் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஓர் ஆளை வைத்துச் செய்விக்க வேண்டும். ஆக, பங்கு யாருக்கு வருகிறதோ கடமையும் அவருக்கே வருகிறது. தன்னால் முடியாதபோது ஆளை அமர்த்திக் கடமையை முடிப்பது இழிவல்ல, அதுவே விதி.

இது கோயில் ஊழியத்துக்கான விதியே தவிர முதியோர் பராமரிப்புக்கானது அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனாலும் தொலைதேசம் போகிறவனை மனத்தில் வைத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் கணக்கு எழுதியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெளிவு. கி.பி. 1025 வாக்கில் கடல் கடந்து சென்ற இராசேந்திரனின் வெற்றிப் பட்டியலில் மாநக்கவாரம், அதாவது நம் நிக்கோபார், இடம்பெறுகிறது. கப்பல் ஏறிப் போகிறவர்களும், அவர்களுக்காக ஊரில் காத்திருப்பவர்களும் சோழ நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பெரிய கோயில் பணத்தை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுத்து வைத்தது. எட்டுக் காசுக்கு ஆண்டுக்கு ஒரு காசு வட்டி; நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் அழியாது, வட்டியில் செலவு நடக்கும். கோயில் விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி வைத்ததும் இதே கருத்துத்தான். செலவு நாளும் வருவது. ஆகவே அதற்கான வரவும் நாளும் வர வேண்டும். தருமச் சிந்தனை உள்ள ஒருவர் அவ்வப்போது கொடுப்பதை நம்பி நம் முன்னோர் விளக்குக்குக்கூட எண்ணெய் ஊற்றவில்லை. வீட்டுப் பெரியவரை மட்டும் நாம் அப்படி விட்டுவைக்கிறோம்.

திருமுக்கூடல்: ஒரு செலவுப் பட்டியல்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாசாபாத் அருகே இருக்கிறது. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. காலம் ஏறத்தாழ கி.பி. 1069. வீரசோழன் என்ற பெயரால் அங்கே ஓர் ஆதுலர் சாலை நடந்தது. படுத்திருக்கும் நோயாளிகள் 15 பேர். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை செய்பவருக்கு 30 கலம். நாவிதருக்கு 15 கலம். இவர்களோடு மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். இவர்களுக்கும் தனித்தனியே நெல்லும் காசும் உண்டு. இரவு எரியும் விளக்குக்கான எண்ணெய்வரை கல்லில் இருக்கிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 15 பேர், நாளுக்கு ஒரு நாழி, ஆண்டுக்கு 360 நாள் என்றால் 5,400 நாழி அரிசி. கலத்துக்கு 96 நாழி. ஆகவே 56 கலத்துக்குச் சற்றே அதிகம். ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்பது சோழர் கால வழக்கு. அந்தக் கணக்கில் சோற்றுக்கு ஆகும் நெல் 140 கலத்துக்குச் சற்று மேல். மருத்துவர், அறுவையாளர், நாவிதர் மூவருக்கும் மட்டுமே 135 கலம். மற்ற நான்கு பேரின் கூலியையும் சேர்த்தால், சோற்றுச் செலவைவிட ஆள் செலவு கூடிவிடுகிறது.

"ஒரு வேளைக்கு ரெண்டு இட்லி சாப்பிடற பெரியவருக்கு மாசம் இவ்வளவா?" என்று காப்பகக் கட்டணத்தைப் பார்த்து அங்கலாய்ப்பவர்கள் இந்தக் கல்வெட்டைப் படிக்க வேண்டும். அன்றும் இன்றும் படுக்கையில் இருப்பவருக்கு ஆகும் செலவு சோற்றால் வருவதில்லை. புரட்டிப் படுக்க வைக்கவும், துணி மாற்றவும், இரவில் கூப்பிட்டால் எழுந்து வரவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் குடும்பம் உண்டு. நம் வீடுகளில் இந்த வேலையை மருமகளோ மணமாகாத மகளோ செய்தபோது அதற்குக் கூலி எழுதப்படவில்லை. செலவு இல்லாமல் இல்லை. ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

வந்தவாசிப் பக்கத்து வேடலில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டையும் இங்கே நினைவு கூரலாம். கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவிக்கும் அவருடைய மாணவியருக்கும் உணவளித்துக் காக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டதை அது சொல்கிறது. குடும்பத்தை விட்டு வந்தவர்களுக்குப் பிள்ளை ஏது, மருமகள் ஏது? யார் காப்பது என்ற கேள்வி எழுந்தபோது ஊர் கூடிப் பதில் சொல்லி, அதைக் கல்லிலும் எழுதியது.

கஞ்சித்தொட்டி கொண்டுவந்த கறை

அப்படியானால் காப்பகம் என்றாலே நமக்குக் கூச்சம் எங்கிருந்து வந்தது? என் கருத்தில் அது மரபிலிருந்து வந்ததன்று, பஞ்சத்திலிருந்து வந்தது.

ஐதர் அலியோடு ஆங்கிலேயர் நடத்திய இரண்டாம் மைசூர்ப் போரின்போது சென்னையைச் சுற்றிய ஊர்கள் பாழாகி, மக்கள் கூட்டம் கூட்டமாக நகருக்குள் வந்தனர். 1782இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடமே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது ‘மோனிகர் சவுல்ட்ரி’ ஆயிற்று. அதை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி. வட சென்னையில் இன்றும் பெரியவர்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள். சத்திரமோ ஆதரவற்ற முதியோருக்கான இடமாகத் தொடர்ந்தது. 1812இல் ‘பிரண்ட் இன் நீட் சொசைட்டி’ சென்னையில் ஏற்பட்டது. 1882இல் பிரெஞ்சு நாட்டுக் கன்னியர் சபையான ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி பூவர்’ கல்கத்தாவில் முதியோர் இல்லம் தொடங்கியது.

இவை எல்லாம் மதிப்புக்குரிய பணிகள். ஆனால் இவை அனைத்தும் யாருமற்ற ஏழைகளுக்காக ஏற்பட்டவை. அங்கே போனவர் கட்டணம் செலுத்தவில்லை, செலுத்த வேறு யாரும் இல்லை என்பதே அங்கே சேர்வதற்கான தகுதி. ஆகவே ‘இல்லத்தில் இருக்கிறார்’ என்றால் ‘நாதியில்லை’ என்று பொருள் ஆகிவிட்டது. பிற்காலத்தில் மாதக் கட்டணம் வாங்கும் காப்பகங்கள் தமிழ்நாட்டில் பெருகியபோது பெயர் மட்டும் ஒன்றாக இருந்ததால் பழைய கறை புதிய கட்டடத்திலும் ஒட்டிக்கொண்டது. கஞ்சித்தொட்டியில் விடப்பட்டவரும், ஏழு பேர் பங்கு போட்டுக் கட்டணம் கட்டிக் காக்கும் பெரியவரும் ஒன்றல்லர். இந்த வேறுபாட்டை நாமே மறந்துவிட்டால் ஊரார் எப்படி நினைவில் வைப்பார்கள்?

சட்டம் நடந்து வந்த வழி

பெற்றோரைக் காக்கும் கடமையை ஆங்கிலேயரும் சட்டமாக எழுதி வைத்திருந்தார்கள் என்றால் பலருக்கு வியப்பாயிருக்கும். 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி இங்கிலாந்தில் வசதியுள்ள பிள்ளைகள் இயலாத பெற்றோரைக் காக்க வேண்டும். 1948இல்தான் அக்கடமை அங்கே நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்குச் செய்த 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவில் மனைவிக்கும் பிள்ளைக்கும் மட்டுமே ஜீவனாம்சம் உண்டு. தாய் தந்தையர் அதில் இல்லை.

விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வயதான பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே விதித்தது. இச்சட்டம் சமணர், பௌத்தர், சீக்கியருக்கும் பொருந்தும். 1973ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆம் பிரிவு வந்து, எல்லா மதத்துப் பெற்றோருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் போகும் உரிமை கிடைத்தது. ஆனால் உச்ச வரம்பு மாதம் 500 ரூபாய். 2001ஆம் ஆண்டுத் திருத்தம்வரை அந்த 500 அப்படியே நின்றது! இன்று அப்பிரிவு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மணமான மகளுக்கும் இக்கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே தீர்ப்பளித்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக வந்தது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். சப் டிவிஷன் அளவில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை, தவறினால் ஒரு மாதம்வரை சிறை என்று அது சொல்கிறது. பாக்கிக்கு நூற்றுக்கு 5க்குக் குறையாமல், 18க்கு மிகாமல் வட்டியும் விதிக்கலாம். பெரிய கோயிலின் பன்னிரண்டரை இதற்கு நடுவில் நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தீவுவாசிகள் இச்சட்டத்தில் மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பெரியவர் தாம் வசிக்கும் இடத்திலும் மனுக் கொடுக்கலாம். பிள்ளை வசிக்கும் இடத்திலும் கொடுக்கலாம். இராமநாதபுரத்தில் இருக்கும் தாய் அங்கிருந்தே இங்குள்ள மகனைக் கேட்க முடியும். கடல் குறுக்கே நிற்காது. இரண்டாவது, ஒருவர் மீது மட்டும் மனு வந்தால், பொறுப்புள்ள மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கலாம். "அந்தமான்ல கடை வச்சிருக்கான், அவனே கட்டட்டும்" என்பது சட்டத்தின் முன் செல்லாது. மூன்றாவது, பிள்ளையில்லாதவர்களைப் பற்றியது. அவருடைய சொத்தை வைத்திருக்கிற அல்லது அது வந்து சேரக்கூடிய வாரிசே அவரைக் காக்க வேண்டும். வாரிசுகள் பலர் என்றால், சொத்து எந்த விகிதத்தில் வருமோ அந்த விகிதத்தில் செலவும். தஞ்சைக் கல்வெட்டில் பங்கும் பணியும் சேர்ந்து போனதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க.

ஏழு பங்கு

இந்த மூன்றாவது செய்தி எங்கள் குடும்பத்தில் நடைமுறைக்கு வந்தது. என் சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தி காலமான பிறகு சில ஆண்டுகள் தனியே இருந்தார். இடுப்பெலும்பு முறிந்தபின் தனியே இருக்க முடியவில்லை. யார் வீட்டிலும் மாடிப்படி, யார் வீட்டிலும் பகலில் ஆள் இல்லை. அவரே, "என்னை எங்கயாவது பார்த்துக்கற இடத்துல விடுங்கப்பா" என்றார். ஊருக்கு அருகிலேயே ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். மாதக் கட்டணம் 17,500. இரவு ஆளுக்குத் தனியே 4,200.

யார் கட்டுவது? முதல் மூன்று மாதம் நான் கட்டினேன். நான்காம் மாதம் பேச்சு வந்தது. தம்பிமார், "ஆம்பளைப் பசங்க நாலு பேரும் பிரிச்சுக்கலாம்" என்றார்கள். நான் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டினேன். சித்தப்பாவுக்கு உடன்பிறந்தார் யாரும் உயிரோடில்லை. அந்நிலையில் அண்ணன் மகன்களும் அண்ணன் மகள்களும் சம வாரிசுகள். ஆக நாங்கள் ஏழு பேர். 17,500ஐ ஏழால் வகுத்தால் தலைக்கு 2,500. 4,200ஐ வகுத்தால் 600.

தங்கை ஒருத்தி, "கல்யாணம் ஆகிப் போனப்ப பங்குன்னு யாரும் கூப்பிடலை, இப்ப செலவுக்குக் கூப்பிடறீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. சித்தப்பாவின் வீட்டிலும் இரண்டு ஏக்கர் நிலத்திலும் ஏழில் ஒரு பங்கு அவளுக்கு உண்டு என்பதை அன்றுதான் எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். எழுதிக் கையெழுத்தும் போட்டோம். சித்தப்பாவும் தம் விருப்பத்தை உயிலாக எழுதினார். இன்னொரு தங்கை காப்பகத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பவள் அவளே. அவளுடைய 600ஐ மற்ற ஆறு பேரும் ஏற்றுக்கொண்டோம். அவள் வேண்டாம் என்றாள். போய்ப் பார்ப்பதும் ஒரு செலவுதான், அதுவும் ஏட்டில் ஏற வேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தோம். சண்டை அடியோடு நின்றது என்று சொல்லமாட்டேன். ஒரு தம்பியின் பங்கு இரண்டு மாதத்துக்கொருமுறை தாமதம் ஆகிறது. ஆனால் பேச்சு இப்போது தொகையைப் பற்றியே நடக்கிறது. யாருக்குப் பாசம் அதிகம் என்பதைப் பற்றி நடப்பதில்லை. அதுவே பெரிய ஆதாயம்.

பிற நாடுகளில்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் நியமன உறுப்பினராயிருந்த சட்டப் பேராசிரியர் வால்டர் வூன் கொண்டுவந்த மசோதா 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஆயிற்று. நம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு முந்தியது அது. ஜெர்மனியில் பெற்றோரின் காப்பகக் கட்டணத்தைப் பிள்ளைகளிடம் அரசு வசூலிக்கும் வழக்கம் உண்டு. 2020 சனவரி முதல் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவுக்கு மேலுள்ள பிள்ளைகளிடம் மட்டுமே கேட்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தாயின் நர்சிங் ஹோம் பாக்கி ஏறத்தாழ 93,000 டாலரை மகன் கட்ட வேண்டும் என்று 2012இல் தீர்ப்பாயிற்று. உடன்பிறந்தவர்களையும் தந்தையையும் விட்டுவிட்டு ஒரு மகனைப் பிடித்தது அங்கே பெரிய விவாதம் ஆனது.

சப்பான் வேறு வழியில் போயிற்று. 2000 ஏப்ரல் முதல் அங்கே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடக்கிறது. நாற்பது வயதானவர் எல்லாரும் சந்தா கட்டுகிறார்கள். பராமரிப்பு தேவைப்படும்போது செலவில் பத்தில் ஒரு பங்கை அவர் ஏற்பார். வசதி கூடியவர்கள் இன்னும் அதிகம் ஏற்பார்கள். மீதம் பொதுவில் போகும். முதல் அழியாமல் நாளும் விளக்கெரிய வேண்டும் என்று நினைத்த சோழ நாட்டுக் கணக்கப்பிள்ளைக்கு இம்முறை எளிதில் புரிந்திருக்கும்.

நம் நாட்டில் அரசின் உதவி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ஆயிற்று. ஏழை முதியவருக்கு அது பெரிய துணை; ஆனால் காப்பகக் கட்டணத்துக்கு அது எட்டாது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியோர் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்கிறது. அதுவும் வசதியற்றவர்களுக்கே. நடுத்தரக் குடும்பத்துப் பெரியவரின் கட்டணம் குடும்பத்தின் தலையில்தான்.

எழுதி வைக்க வேண்டியவை

வரலாறு படித்தால் மட்டும் போதாது, கைக்கு உதவ வேண்டும். ஆகவே சில குறிப்புகள். காப்பகத்தில் சேர்க்கும்போது மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. டெபாசிட் எவ்வளவு, திரும்ப வருமா, யார் பெயருக்கு வரும்? கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும்? படுக்கையில் விழுந்தால் கூடுதல் எவ்வளவு? மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கு? நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் கையெழுத்துப் போடுவது யார்? இங்கிருந்து கப்பலில் போனால் சென்னைக்கு மூன்று நாள் ஆகும். விமானம் இருந்தாலும் அன்றைக்கே டிக்கெட் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே அங்கேயே ஒருவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும்.

வரி பற்றியும் ஒரு செய்தி. அரசோ, வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில் 60 வயது கடந்தவருக்கான கட்டணம் மாதம் 25,000 ரூபாய்வரை இருந்தால் அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இது 2018 ஜூலையில் வந்த விலக்கு. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

சொத்தைப் பிள்ளைக்கோ உறவினருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, "பார்த்துப்பான்" என்று இருப்போருக்கும் சொல்ல வேண்டும். காப்பேன் என்ற நிபந்தனையோடு பெற்றுக்கொண்டு காக்கத் தவறினால் அப்பத்திரத்தை ரத்துச் செய்ய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 சனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய் மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்துச் செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் காப்பேன் என்று மகன் தனித்தாளில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி ஒன்று இருந்தது. பத்திரம் எழுதும் நாளில் ஒரு வரி சேர்க்கக் கூச்சப்பட்டால், பிறகு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டிவரும்.

திசை மாறும் காலம்

இதுவரை நாம் இங்கே, பெரியவர்கள் அங்கே என்ற கணக்கில் பேசினேன். அந்தக் கணக்கும் மாறி வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். காட்டு வேலைக்கும், பொதுப்பணித்துறை வேலைக்கும், கப்பல் வேலைக்கும், கடை வைக்கவும் வந்தவர்கள் ஒருபுறம். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சாலின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள் இன்னொருபுறம். அந்தத் தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலருக்கு மெயின்லேண்டில் வீடும் இல்லை, வேரும் இல்லை. பிள்ளைகளோ படிப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் நாம் அனுப்பிய பணத்துக்காக ஊரில் காத்திருந்தவர்களைப் போல, இனி நாம் இங்கே காத்திருக்கப் போகிறோம்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு கருத்தை வைக்கிறேன். கட்டடம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது பெரிய பணம், பெரிய பொறுப்பு. முதலில் ஒரு பதிவேடு வேண்டும். எந்த உறுப்பினரின் பெரியவர் எங்கே இருக்கிறார், அவசரத்தில் அங்கே யாரைக் கூப்பிடலாம், தீவில் தனியே இருக்கும் மூத்தவர்கள் யார், யார் அவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பது என்பவை அதில் இருக்கட்டும். விரும்பியவர்கள் மட்டும் பெயர் கொடுத்தால் போதும். அடுத்ததாக, முதல் அழியாத ஒரு சிறு நிதி. கட்டணம் ஓரிரு மாதம் தவறும் குடும்பத்துக்கு வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்து வாங்க அது உதவும். வேலை போனவனும், கடையில் நட்டம் கண்டவனும் தன் தாயைக் காப்பகத்திலிருந்து எங்கே கூட்டிப் போவது என்று தவிக்கும் நிலை நம்மிடையே வரக்கூடாது.

வேடலில் ஊர் கூடியது. திருமுக்கூடலில் நாவிதர் பங்குவரை எழுதினார்கள். தஞ்சையில் தேசம் விட்டுப் போனவருக்கும் விதி வகுத்தார்கள். காசு கொடுத்து ஆளை வைத்துக் காப்பது நம் மரபுக்குப் புறம்பு என்பதற்கு நான் பார்த்த அளவில் ஆதாரம் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் பதிவேட்டுக்கு முதல் பெயராக என் சித்தப்பாவின் பெயரைக் கொடுக்கிறேன். மற்றவர்களும் முன்வருமாறு அன்புடன் வேண்டுகிறேன்.